எந்தச் சாவுக்கு விளக்கு ஏற்றுகிறோம்

சுங்கை சிப்புட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் 1948 ஜூன் 16 தெரிந்த தேதி. அன்று எல்ஃபில் தோட்டத்திலும் சுங்கை சிப்புட் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொட்டுத்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அந்தக் காலத்தில் இறந்த துரைமார்களுக்கும் சிப்பாய்களுக்கும் பத்து காஜா கல்லறையில் பெயர் வெட்டிய கல் உண்டு. ஜூன் மாதம் நினைவுக் கூட்டமும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களும் ஒரு பால்மரத் தோட்டத்து ஆட்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள் லண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். 2015-இல் அங்கேயும் விசாரணை கிடையாது என்று தீர்ப்பு வந்தது.

இன்னும் ஆறு வருடம் பின்னால் போனால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் தண்டவாளம். அதில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனபுரி கல்லறையில் ஏறக்குறைய 7,000 குழிகள், ஒவ்வொன்றும் அளந்து வெட்டியது, பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போன தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையே யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.

செத்தவனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எப்படி இருக்கும் என்று தோட்டத்துத் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று சொல்லத்தான் இதிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் இன்றைக்குக் கைப்பேசியில் வரும் சாவுச் செய்திகளை அதே தமிழன் எப்படிப் பிரித்துப் பார்க்கிறான் என்பது வேறு கதை. யாருக்கு அழுகிறோம், யாரைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்ற இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். அதைத்தான் இந்தப் பதிவில் விரித்துச் சொல்லப் போகிறேன்.

2015 நவம்பர் 12 மாலை. பெய்ரூட்டின் தெற்கே புர்ஜ் அல் பராஜ்னே என்ற நெரிசலான பகுதியில் ஐ.எஸ். அனுப்பிய இரண்டு பேர் தங்களை வெடிக்க வைத்தார்கள். நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் குண்டு வெடித்த பிறகு, மகளோடு அங்கே வந்திருந்த ஒரு தகப்பன் இரண்டாவது ஆளைப் பார்த்துவிட்டு அவன்மேல் பாய்ந்து கீழே தள்ளினான். குண்டு வெடித்தது, அவனும் இறந்தான். கூட்டத்தின் நடுவே வெடிக்க வேண்டியது ஓரத்தில் வெடித்ததால் பலர் பிழைத்தார்கள். மறுநாள் பாரிஸ், 130 பேர். அடுத்த சில நாள்களுக்கு முகநூலில் யாருடைய படத்தைத் திறந்தாலும் பிரெஞ்சுக் கொடியின் நீலம், வெள்ளை, சிவப்பு. 'நான் பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று சொல்லும் வசதியை முகநூல் பாரிசுக்குத் திறந்தது. முந்திய நாள் பெய்ரூட்டுக்குத் திறக்கவில்லை. அதுவரை இயற்கைப் பேரிடருக்கு மட்டுமே அந்த வசதி என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. நைஜீரியாவின் யோலாவில் குண்டு வெடித்தபோதுதான் அதை அடுத்து விரித்தார்கள். குறை கேட்ட பிறகு வந்த திருத்தம், ஆனாலும் வந்தது.

பாரிசுக்கு அழுதது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த 130 பேரில் ஒருவர்கூட அழுகைக்குத் தகுதியில்லாதவர் இல்லை. கேள்வி பெய்ரூட்டைப் பற்றியது.

இன்னும் சில சோடிகளைப் பார்க்கலாம். 2016 மார்ச் 22 பிரசல்ஸ், 32 பேர்; ஐந்து நாள் கழித்து ஈஸ்டர் ஞாயிறன்று லாகூர் பூங்கா, 70 பேருக்கு மேல், ஊஞ்சலாட வந்த குழந்தைகள் நிறைய. 2016 ஜூலை 3 பாக்தாத் கராதா கடைத்தெரு, நோன்புப் பெருநாளுக்குத் துணி எடுக்க வந்த கூட்டத்தில் 300-க்கு மேல். 2017 அக்டோபர் 14 மொகதிஷு, ஒரே லோரி குண்டில் 580-க்கு மேல். அதே ஆண்டு நவம்பர் 24 எகிப்தில் சினாய், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இருந்த 300-க்கு மேற்பட்டவர்கள். இந்தக் கடைசி மூன்றையும் கேள்விப்பட்டதுண்டா என்று நம் ஊர் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். பாரிஸ் தெரியும், மொகதிஷு பெரும்பாலும் தெரிந்திருக்காது.

மதம் ஒன்றுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2015 ஏப்ரல் 2 அன்று கென்யாவின் கரிசா பல்கலைக்கழகக் கல்லூரியில் 148 பேரைக் கொன்றார்கள். மாணவர்களைப் பிரித்து நிறுத்தி, கிறிஸ்தவர்களைத் தேடித்தேடிச் சுட்டார்கள். அவர்களுக்கும் யாரும் படம் மாற்றவில்லை. நிறமும் ஏழ்மையும் தூரமும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. செய்தி முகமைகளின் அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் சாவுதான் முதலில் படமாக வரும். அந்த ஊரைப் பத்துச் சினிமாவில் பார்த்திருந்தால் தெரிந்த தெருவில் நடந்தது போல நமக்குப் படும். கால்டுங், ரூகே என்ற இரண்டு நார்வே ஆய்வாளர்கள் 1965-லேயே இதை எழுதிவிட்டார்கள்: பண்பாட்டில் பக்கத்தில் இருப்பதும், பெரிய நாட்டில் நடப்பதும்தான் செய்தியாகும். அதோடு 'அங்கே எப்போதும் இப்படித்தானே' என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. பாக்தாத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு 'எப்போதும்' என்று ஒன்று கிடையாது. அவளுடைய பிள்ளை ஒரு முறைதான் செத்தான்.

எண்ணிக்கையும் மனத்தை மரத்துப்போக வைக்கும். 2007-இல் வெளியான ஒரு சோதனையில் ஒரு கூட்டத்துக்கு மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் பெயரையும் காட்டி உதவி கேட்டார்கள். இன்னொரு கூட்டத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் பட்டினி என்ற புள்ளிவிவரத்தை மட்டும் கொடுத்தார்கள். சிறுமிக்குக் கிடைத்தது புள்ளிவிவரத்துக்குக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்றாவது கூட்டத்துக்குச் சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். தொகை மளமளவென்று இறங்கிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அஞ்சலிக் கூட்டம் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருகிறேன்.

இனி வெறுப்பு எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 2006 முதல் 2015 வரை நடந்த 136 தாக்குதல்களை எடுத்து, செய்திகளை எண்ணிப் பார்த்தார்கள். தாக்கியவன் முஸ்லிமாக இருந்தால் சராசரியாக 357 விழுக்காடு கூடுதல் செய்தி. இது கொலைகாரன் பக்கம். செத்தவர்கள் பக்கத்தைப் பார்த்தால், 2014-இல் உலகெங்கும் பயங்கரவாதத்தால் இறந்த 32,000-க்கு மேற்பட்டவர்களில் 78 விழுக்காட்டினர் ஐந்தே நாடுகளில் இறந்தார்கள்: ஈராக், நைஜீரியா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சிரியா. நைஜீரியாவைத் தவிர மற்ற நான்கும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். நைஜீரியாவிலும் போக்கோ ஹாராம் சூறையாடிய வடகிழக்கு, முஸ்லிம்கள் நிறைந்த பகுதிதான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கொலைகாரன் முஸ்லிம் என்றால் பெரிய எழுத்து. செத்தவன் முஸ்லிம் என்றால் எழுத்தே இல்லை. பத்து வருடம் இப்படியே செய்தி படித்த ஒருவன் மனத்தில் முஸ்லிம் எந்த உருவில் இருப்பான்? குண்டு வைப்பவனாக மட்டும்தான். பெய்ரூட்டில் பாய்ந்து விழுந்த தகப்பனை அவன் பார்த்ததே இல்லை. நல்ல மனிதர்கள்கூட, யாரையும் திட்டாதவர்கள்கூட, மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) தே தாரே குடித்துக்கொண்டே 'இவங்களே இப்படித்தான்' என்று சொல்வது இதனால்தான். விடுபட்ட சாவுகள்தான் வெறுப்புக்கு உரம்.

தமிழர்களான நமக்கு இதில் நெருங்கிய இடம் இலங்கை. 2019 மார்ச் 15, கிரைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்கள், 51 பேர். 37 நாள் கழித்து ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு: கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று ஓட்டல்கள். 260-க்கு மேற்பட்டவர்கள். சீயோனில் இறந்தவர்கள் நம்மைப் போலத் தமிழ் பேசியவர்கள், ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் உட்பட. அங்கே முதுகுப்பையோடு வந்தவனை வாசலிலேயே மறித்து உள்ளே விடாமல் நிறுத்தினார் சபையைச் சேர்ந்த ஒருவர். உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். கிரைஸ்ட்சர்ச்சில் அல் நூர் பள்ளிவாசல் வாசலில் நின்ற 71 வயது ஆப்கான் பெரியவர், வந்தவனைச் சகோதரா என்று வரவேற்றார். இரண்டு வாசலிலும் நின்றவர்கள் இறந்துவிட்டார்கள். இருவரையும் ஒரே மூச்சில் நினைக்க முடியாதவர்களுக்கு இருவரில் ஒருவரையும் சரியாகத் தெரியாது என்றே சொல்வேன்.

ஈஸ்டர் தாக்குதல், கிரைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கல் என்று இலங்கை அமைச்சர் ஒருவர் சொன்னார், உலகம் முழுக்க அது ஓடியது. ஆறு இடங்களுக்கு ஒரே காலையில் ஆள் அனுப்பும் வேலையை 37 நாளில் தயாரிக்க முடியாது என்று துறை அறிந்தவர்கள் சொன்னது அவ்வளவு ஓடவில்லை. தாக்குதல் கும்பலின் தலைவனைப் பற்றி அவனுடைய ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டிப் போலீசில் புகார் கொடுத்திருந்தார்கள் என்பதும் ஓடவில்லை. மூன்று வாரம் கழித்து, மே மாதம் குருநாகல், கம்பஹா பக்கம் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் அடித்து நொறுக்கப்பட்டன. ஒரு தச்சர் வெட்டிக் கொல்லப்பட்டார். குண்டு வைத்தவர்களோடு அவருக்கு இருந்த ஒரே தொடர்பு மதத்தின் பெயர்.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியது இருக்கிறது. மே 18 வந்தால் முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றுகிறோம். ஏற்றத்தான் வேண்டும். 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதிய பிறகும் உலகம் கண்ணைத் திருப்பிக்கொண்டது. ஆனால் 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் தொழுகையில் குனிந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டவர்கள் புலிகள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விரட்டினார்கள்; யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள். அவர்களுக்கும் தாய்மொழி தமிழ்தான். அதே ஆகஸ்டில் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களை முஸ்லிம் ஊர்க்காவல் ஆட்களும் சேர்ந்து கொன்றதையும் நான் மறைக்கவில்லை. ஒன்று இன்னொன்றை அழிக்காது. இரண்டுக்கும் தனித்தனியே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. 'மேல்நாட்டில் முஸ்லிம்கள் சிறுபான்மை. இங்கே மலேசியாவில் அவர்கள்தான் பெரும்பான்மை. அடிபடுவது நாம். இதில் வெறுப்பு என்ன?' ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற பாலர்பள்ளி ஆசிரியையின் வழக்கு எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளை ஒரு பெற்றோர் மட்டும் மதம் மாற்றியது செல்லாது என்று 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் கடைசி மகளை அந்தத் தாயிடம் சேர்க்காமல் ஆண்டுகள் போயின. கோயில் இடப் பிரச்சினை, கல்வி இட ஒதுக்கீடு, 2001 கம்போங் மேடான் இனக் கலவரம், எல்லாம் உண்மை. இவற்றைப் பேசாமல் வெறுப்பைப் பற்றி மட்டும் பேசினால் யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் தேவையில்லை.

ஆனால் குறைக்கும் வெறுப்புக்கும் நடுவே ஒரு கோடு போட முடியும். குறைக்கு முகவரி உண்டு: ஒரு சட்டப் பிரிவு, ஒரு அலுவலகம், ஒரு தீர்ப்பு, கையெழுத்துப் போட்ட ஆள். எங்கே மனுக் கொடுப்பது என்று சொல்ல முடியும். வெறுப்புக்கு முகவரி இல்லை. 'அவங்க' என்று தொடங்கி 'அவங்க' என்று முடியும். பேசுகிற வாக்கியத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஒரு துறையின் பெயரையோ சட்டத்தின் பெயரையோ போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்றால் அது குறை. விழுந்தால் வெறுப்பு.

முத்திரை குத்துவது எவ்வளவு சுலபம் என்று நமக்கே காட்டினார்கள். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சொல்லி இந்நாட்டில் 12 பேரை சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்தார்கள். அதில் இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள். கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த படங்கள்கூடச் சான்றாக வந்தன. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். இடையில் போன மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. அந்த மாதங்களில் நமக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தான் தாடி வைத்த ஒருவன் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது இருக்கும்.

தோட்டத்து லயங்களில் இன்று செம்பனை வெட்டுபவர்களில் வங்காளதேசிகள் நிறையப் பேர். அவர்களை 'பங்களா' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். (இங்கே பழைய ஆள்கள் சீக்கியரை வங்காளி என்பார்கள், ஊர் தெரியாமல் ஆளுக்குப் பெயர் வைப்பது நமக்குப் பழக்கம்.) 2016 ஜூலை 1 அன்று டாக்காவில் ஒரு பேக்கரியில் புகுந்து 20 பிணையாளிகளையும் இரண்டு போலீஸ் அதிகாரிகளையும் கொன்றார்கள். அது அவர்களுடைய தலைநகரம், அவர்களுடைய துக்கம். அப்படிப்பட்ட நாளில் ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறோம். தோற்றத்தை வைத்து ஆளை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சான்று இருக்கிறது. 2001 செப்டம்பர் 15, அரிசோனாவில் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். 2017 பிப்ரவரியில் கன்சாஸில் ஒரு தெலுங்கு இளைஞரை ஈரானியர் என்று நினைத்துச் சுட்டான் இன்னொருவன். வெறுப்பு அடையாள அட்டை கேட்டுவிட்டு வருவதில்லை.

இனி கையில் எடுத்துச் செய்யக்கூடியவை.

தாக்குதல் நடந்த முதல் 48 மணி நேரத்தில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வரும் எதையும் உறுதி என்று எடுக்கக் கூடாது. காரணம் எளிது: அந்த நேரத்தில் அரசாங்கத்துக்கே தெரியாது. ஈஸ்டர் தாக்குதலில் முதலில் 359 என்றார்கள். உடல் பாகங்களை இரண்டு முறை எண்ணிவிட்டோம் என்று பிறகு 253-க்கு இறக்கினார்கள். பின்னர் மறுபடி ஏறியது. கிரைஸ்ட்சர்ச் 49, 50, 51 என்று போனது. பெயர்கள் இன்னும் மோசம். இலங்கைப் போலீஸ் தேடப்படுவோர் என்று வெளியிட்ட படங்களில் ஒன்று, அமெரிக்காவில் படிக்கும் ஒரு முஸ்லிம் மாணவியுடையது. அவருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. போலீஸ் மன்னிப்புக் கேட்பதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல் வந்துவிட்டது. 2024 ஜூலை 29 இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டபோது, படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு கற்பனைப் பெயர் பரவியது. குத்தியவன் கார்டிஃபில் பிறந்த பையன். ஆனால் மறுநாள் மாலைக்குள் அந்த ஊர்ப் பள்ளிவாசலைக் கல்லால் அடித்துவிட்டார்கள்.

செய்தி வந்ததும் முதலில் அம்புக்குறியைப் பாருங்கள். இரட்டை அம்பு இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அனுப்பியவருக்கும் மூலம் தெரியாது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வந்ததே இந்தக் காரணத்தால்தான். படம் என்றால் கைப்பேசியில் சேமித்து கூகள் லென்ஸில் போடுங்கள். மேலே எழுதியிருக்கும் தமிழ் வாசகத்தை முதலில் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தேடல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு படத்தை விட்டுவிடும். காணொலி என்றால் மூன்று நான்கு இடத்தில் நிறுத்தித் திரையைப் படம் பிடித்து ஒவ்வொன்றையும் தேடுங்கள். முதல் நொடியில் இருக்கும் படத்தை மட்டும் தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. கடைப் பலகை எந்த மொழி, வண்டி எண் பலகை எந்த நிறம், போலீஸ் சட்டை எந்த நாட்டுடையது என்று பாருங்கள். 2020-இல் தப்லீக் என்ற முஸ்லிம் மதப் பிரசார இயக்கத்து ஆள் கொரோனாவைப் பரப்பத் துப்புகிறான் என்று சுற்றிய காணொலி, மும்பையில் ஒரு விசாரணைக் கைதி காவலர்மேல் துப்பிய பழைய காட்சி. நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்நாட்டுச் செய்தி என்றால் 2017 முதல் இருக்கும் செபெனார்ஞா என்ற அரசாங்க உண்மை சரிபார்ப்புத் தளத்தில் தேடலாம்.

சாப்பாட்டு வதந்திக்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனென்றால் அதுதான் நம் ஊர் மாமாக் கடையைத் தேடி வரும். 2018 பிப்ரவரி, இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் குழம்பில் வெள்ளையாக ஏதோ கட்டி கிடந்தது. மலடாக்கும் மாத்திரை என்று கத்தினார்கள், கடையையும் பள்ளிவாசலையும் அடித்தார்கள். அரசாங்க ஆய்வுக்கூடம் சோதித்துச் சொன்னது: மாவு. சரியாகக் கரையாத மாவுக் கட்டி. அப்படி ஒரு மனிதனை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் கிடையாது. பத்து நாளுக்குள் கண்டியிலும் கலவரம் வெடித்து அவசரநிலை போட வேண்டியதாயிற்று. ரொட்டி போடும் நமக்கு மாவு எப்படிக் கட்டிபடும் என்று தெரியாதா?

குழுவில் திருத்தும்போது ஆளைத் திட்டாதீர்கள். பொதுவில் திட்டினால் அவர் மானத்துக்காக அந்தப் பொய்யைப் பிடித்துக்கொள்வார். அனுப்பியவர் பெரியவர் என்றால் தனியே கூப்பிட்டு 'அண்ணே, இது பழைய படம், மூலம் இதோ' என்று சொல்லி, அவரையே நீக்கச் சொல்லுங்கள். பிறகு குழுவில் இரண்டே வரி போடுங்கள். பொய்யான படத்தைத் திரும்பப் போட்டு 'இது பொய்' என்று எழுதுவது பெரிய தவறு. பாதிப் பேர் படத்தை மட்டும் பார்ப்பார்கள்.

எழுதும் சொற்களிலும் ஒரு தராசு தேவை. 'இஸ்லாமியத் தீவிரவாதி', 'துப்பாக்கிதாரி', 'மனநலம் பாதித்த இளைஞர்': இம்மூன்றும் ஒரே செயலுக்கு வெவ்வேறு ஆளைப் பார்த்துக் கொடுக்கும் பட்டங்கள். நார்வேயில் 2011-இல் 77 பேரைக் கொன்றவனுக்குக் கொடுத்த சொல்லை பாக்தாத்தில் கொன்றவனுக்கும் கொடுங்கள், மாற்றியும் கொடுங்கள். அமைப்பின் பெயர் தெரிந்தால் அமைப்பின் பெயர்: ஐ.எஸ்., போக்கோ ஹாராம், அல் ஷபாப். மதத்தின் பெயர் தேவையில்லை. மதத்தைச் சொல்லியே ஆக வேண்டிய இடம் இறந்தவர்களுடையது, பள்ளிவாசலில் தொழும்போது இறந்தார்கள் என்பது போல, ஏனென்றால் அதுதான் விடுபடுகிறது. 2025 ஏப்ரல் 22 பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களை மதம் கேட்டுச் சுட்டார்கள் என்று எழுதுகிறீர்களா, எழுதுங்கள், உண்மை. இறந்த 26 பேரில் ஒருவர் அந்த ஊர் முஸ்லிம் குதிரைக்காரர் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

அஞ்சலிக் கூட்டம் வைக்க நினைப்பவர்களுக்கு. ஐ.நா. பொதுச்சபை 2017-இல் ஆகஸ்ட் 21-ஐப் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோர் நினைவு நாளாக அறிவித்தது. எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத நாள் என்பதால் அது வசதி. தோட்டப் பள்ளி மண்டபமோ பாலாய் ராயா என்ற ஊர்ப் பொது மண்டபமோ நல்லது. கோயில் மண்டபம் என்றால் முஸ்லிம் அண்டை வீட்டார் சிலருக்குத் தயக்கம் இருக்கும், தேவாலயம் என்றாலும் அப்படித்தான். ஆகஸ்ட் 21-க்கு அடுத்த ஞாயிறு மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடியுங்கள். ஏழு மணிக்குப் பிறகு மக்ரிப் தொழுகை வந்துவிடும், நம் வீடுகளிலும் விளக்கு நேரம். குடிக்க மூடி போட்ட தண்ணீர்ப் புட்டி போதும், அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆறு ஊர் போதும், ஆறு அகல். பன்னிரண்டு எடுத்தால் மூன்றாவது ஊரிலேயே கூட்டம் கைப்பேசியைத் திறந்துவிடும். கிரைஸ்ட்சர்ச், மட்டக்களப்பு, பெய்ரூட், கரிசா, மொகதிஷு, காத்தான்குடி என்று வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் வாசிப்பு. அந்த மாலிச் சிறுமியின் சோதனை இங்கேதான் உதவும்: எண்ணிக்கையில் தொடங்காதீர்கள். அன்று அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தொடங்குங்கள்: தொழுதார்கள், பரீட்சைக்குப் படித்தார்கள், ஞாயிறு வகுப்பு முடிந்தது. ஒரு மனிதரைப் பற்றி இரண்டு வாக்கியம். எண்ணிக்கை தனியாக, கடைசியில், ஒரே முறை. ஊர்ப் பெயர்களை வாசிப்பவர் முதல் நாளே உச்சரித்துப் பழக வேண்டும். மேடையில் திக்கினால் கீழே சிரிப்பு வரும், அந்தச் சிரிப்புக்குப் பிறகு அமைதி திரும்பாது. மௌனம் அறுபது நொடி, ஒருவர் கைப்பேசியில் அளந்து மணி அடிக்கட்டும். குத்துமதிப்பாகச் சொன்னால் இருபது நொடியில் யாராவது இருமி முடித்துவிடுவார்கள்.

கெட்டுப்போவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். கொடி வேண்டாம், எந்தக் கொடியும். ஒரு கொடி வந்தால் ஏன் இன்னொன்று இல்லை என்ற சண்டை வரும். இரத்தம் தெரியும் படம் வேண்டாம். கிரைஸ்ட்சர்ச் கொலைகாரன் 17 நிமிடம் நேரலை செய்தான், முதல் 24 மணி நேரத்தில் அதன் 15 லட்சம் பிரதிகளை முகநூல் நீக்க வேண்டியிருந்தது. காட்டுவதுதான் அவன் விரும்பியது. அவன் பெயரையும் சொல்ல வேண்டாம். அரசியல்வாதி வந்தால் முன்வரிசையில் உட்காரட்டும், ஒலிவாங்கி கொடுக்க வேண்டாம். இறந்தவர்களைப் பட்டியலில் யார் எந்தப் பக்கம் என்று கூட்டிக் கழிக்கும் பேச்சை நடத்துபவர் உடனே நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஒன்று. முஸ்லிம் ஒருவரை மேடைக்கு அழைத்து 'நீங்கள் இதைக் கண்டிக்கிறீர்களா?' என்று கேட்காதீர்கள். புலிகளைக் கண்டிக்கிறாயா என்று கேட்டுவிட்டுத்தான் பேச விடுவோம் என்று நம்மை நிறுத்தியபோது எப்படி எரிந்தது? அவரைத் துக்க வீட்டுக்காரராக அழையுங்கள். ஆறு அகலில் எதையாவது அவர் வாசிக்கட்டும். கரிசாவை அவர் வாசிக்க, காத்தான்குடியை நம் ஆள் வாசிப்பது நல்லது. விளக்கேற்ற அவருக்குத் தயக்கம் என்றால் வற்புறுத்தாமல் வாசிப்பை மட்டும் கொடுங்கள், திரியை யாராவது பிள்ளை ஏற்றட்டும். லயத்தில் இருக்கும் வங்காளதேசத் தொழிலாளர்களை அழைக்க மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொன்னால் போதாது, வேலைக்கட்டளை என்று நினைத்து வருவார்கள். நேரே போய்ச் சொல்லுங்கள். ஞாயிறு மாலை அவர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப, சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போகும் நேரம், அதனால் ஒரு வாரம் முன்னதாகவே சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு இரண்டு வாரம்.